தண்ணீர் பாட்டில் எதுவரை வந்தது?

என் அக்காவின் கணவர் எதற்கும் ‘ஏன்’ என்று கேட்க மாட்டார். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் அவர் வயர்மேன். மூன்றாம் மாடியில் விளக்கு அணைந்துவிட்டால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ‘ஏன் போச்சு, ஏன் போச்சு’ என்று அவரைச் சுற்றி நின்றுகொள்வார்கள். அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்பார்: “எதுவரைக்கும் வந்துச்சு?”

மின்சாரம் புறப்படும் இடத்தில் தொடங்கி நூல் பிடித்தாற்போல் தேடிக்கொண்டு வருவது அவர் வழக்கமில்லை. நேராகப் போய் நடுவில், வயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பெட்டியைத் திறப்பார். மின்சாரம் பட்டால் ஒளிரும் டெஸ்டரை வைப்பார். அங்கே மின்சாரம் இருந்தால் கோளாறு அதற்கு அப்பால். இல்லையென்றால் இப்பால். பிறகு அந்தப் பாதியின் நடு. அப்படிக் குறுக்கிக்கொண்டே போய் ஒரு சாண் வயருக்குள் ஆளைப் பிடித்துவிடுவார். ‘ஆள்’ என்பது அவர் சொல். எலி கடித்த கம்பி, தளர்ந்த திருகாணி, உள்ளே புகுந்த ஈரம் எல்லாமே அவருக்கு ஆள்தான். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே, “ஆள் சிக்கிட்டான் மாப்ள” என்பார் என்னிடம். எதுவும் சிக்காத நாளில் செருப்பைக் கழற்றும் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் பரம்பரையில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். புள்ளியியல் பட்டம். வேலை கிடைத்து நகரத்துக்கு வந்தபோது தங்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அக்கா வீடு இருந்தது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கும் படத்தை அத்தான்தான் கூடத்துச் சுவரில் துளையிட்டு மாட்டினார். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தவர், மறுநாள் படத்துக்கு மேலே ஒரு சிறிய விளக்கையும் பொருத்தினார். “பட்டதாரி மங்கலாத் தெரியக் கூடாது, மாப்ள” என்றார். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை அந்த விளக்கு எரிகிறது.

அவருடைய சட்டைப் பையில் டெஸ்டர் எப்போதும் இருக்கும். கல்யாணத்தன்றும் இருந்தது. எங்கள் உறவுக்காரர்கள் அதைப் பேனா என்று நினைத்துக்கொண்டு, “மாப்பிள்ளை எழுத்து வேலை பாக்கறவரு” என்று பந்தி முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்கள். அக்காவுக்கு மறுநாள்தான் உண்மை தெரிந்தது. “பேனாவா இருந்தா உதறி உதறி எழுதிட்டு இருந்திருப்பாரு. இதுல வெளிச்சமாவது வருது” என்று இப்போது சொல்லிக்கொள்வாள்.

இவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மூன்றாம் வகுப்பு. சின்னவன் அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தான். ஒரு இடத்தில் உட்காராத அவனை எல்லாரும் வாலு என்று கூப்பிடுவோம். மூத்தவளுக்கு அத்தான் வைத்த பெயர் தொலைபேசி. தொலைத்துவிட்டு வந்து பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால்.

அவள் தொலைத்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் ஒரு கடையே வைத்துவிடலாம். தண்ணீர் பாட்டில். அதற்குப் பதில் வாங்கிய தண்ணீர் பாட்டில். சாப்பாட்டுப் பை. மழைக்கோட்டு. சுருட்டி எடுத்துப்போன ஓவியம். குளிருக்குப் போட்டுப்போய் மத்தியானம் கழற்றிய ஸ்வெட்டர். ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டு வாசலில் ஒரே விசாரணை.

“பாட்டில் எங்கடி?”

“தெரியலம்மா.”

“தெரியலன்னா? கற்பூரமா கரைஞ்சு போக?”

“வெச்சது இருந்துச்சும்மா. அப்புறம் பாத்தா இல்ல.”

“ரெண்டுக்கும் நடுவுல உன் புத்தி எங்க மேயப் போச்சு?”

அன்றைக்கு வகுப்பில் பல்லி விழுந்தது, யாருக்கோ பல் விழுந்தது என்று பேச்சு வேறு பக்கம் ஓடும். அக்கா சின்னவனை இழுத்து முன்னால் நிறுத்துவாள். “இவனைப் பாரு. மூக்கு ஒழுகுற பையன். போனது போனபடி எல்லாத்தையும் கொண்டு வர்றான். உனக்குக் கழுதை வயசாகுது.” வாலு பெருமையாக நெஞ்சை நிமிர்த்துவான். அவன் பாட்டில் ஒரு நாளும் தொலைந்ததில்லை.

அக்கா தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். பெயிண்டால் பெயர் எழுதினாள். சிவப்பு நாடா தைத்தாள். கடைசியாகக் கனமான எவர்சில்வர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, “யானை மிதிச்சாலும் நசுங்காதாம்” என்றாள். அத்தான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நசுங்கிப்போய் வந்தாக்கூடப் பரவாயில்ல, வரவே மாட்டேங்குதே” என்றார்.

இதெல்லாம் வீட்டுச் சிரிப்பாகவே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் மூத்தவளின் வகுப்பாசிரியை அக்காவையும் அத்தானையும் வரச் சொன்னார். போய்விட்டு வந்த அக்கா, நேராக அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தான்தான் சொன்னார். பிள்ளைக்குக் கவனம் போதவில்லையாம். பொருள் தொலைவது மட்டுமில்லை, பாடத்திலும் பாதி நேரம் ஆள் இங்கே இல்லையாம். இன்னொரு வருஷம் இதே வகுப்பில் இருந்தால் நல்லது என்று ஆசிரியைக்குத் தோன்றுகிறது. வரும் வெள்ளிக்கிழமை வந்து முடிவு சொல்ல வேண்டும்.

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “என் தம்பிக்குப் படிப்பு ஏறுச்சு. எனக்கு ஏறல. ஏறாத புத்தி இவளுக்கு வந்துடுச்சு போல.”

“கோளாறு எங்கன்னு பாக்காமலே லைனை மாத்துன்னு சொல்றவங்களை நான் தினம் பாக்கறேன்” என்றார் அத்தான். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல.”

அவர் தேட ஆரம்பித்தது வழக்கம்போல நடுவிலிருந்துதான். திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் பள்ளி வாசலுக்குப் போய்விட்டார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

“யாரைப் பாக்கணும்?”

“ஒரு பாட்டிலைப் பாக்கணும்.”

“புள்ளைங்களைப் பாக்க வர்றவங்களைத்தான் சார் உள்ள விடுவோம்.”

“புள்ள ஒழுங்கா வந்துடுதுங்க. பாட்டில்தான் வரமாட்டேங்குது.”

வாட்ச்மேன் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது போல, தானே உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “எவர்சில்வர், சிவப்பு நாடா. அதுலதான் தண்ணி குடிச்சிட்டு இருக்கு பாப்பா” என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை பாட்டில் வரவில்லை.

“மத்தியானம் வரைக்கும் இருக்கு” என்றார் அத்தான் இரவுச் சாப்பாட்டின்போது. “ஆள் அதுக்கு அப்பால.”

மறுநாளுக்குப் பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று அலமாரியிலிருந்து இறங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் அதே வகுப்பு. அவளிடம் சொல்லி, கடைசி மணி அடிக்கும்போது பார்க்கச் சொன்னார். அந்தப் பெண் வேவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள்போல வாசலில் வந்து கிசுகிசுத்தாள்: “மணி அடிச்சப்போ கையில இருந்துச்சு அங்கிள். நான் ரெண்டு தடவை பாத்தேன்.” ஆனால் பள்ளி வேனிலிருந்து வீட்டு வாசலில் இறங்கும்போது கை காலி.

ஆக, வகுப்பு வாசலுக்கும் வேனுக்கும் நடுவில். எனக்கு ஒரே சந்தேகம். யாரோ எடுக்கிறார்கள். சொன்னேன்.

“எடுக்கறவன் ஸ்வெட்டரை எடுப்பான், மழைக்கோட்டை எடுப்பான். புள்ள கிறுக்கின படத்தை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான், மாட்டி விளக்குப் போடுவானா?” என்றார் அத்தான், என் படத்தைப் பார்த்தபடி.

அது நியாயமாகத்தான் பட்டது. திருடனை விட்டுவிட்டு, தொலைந்தவற்றை மட்டும் மனத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். படிப்பு கொடுத்த பழக்கம் அது. எதையும் கூட்டமாக நிறுத்திப் பார்த்தால் பொதுவாக ஒன்று தெரியும். தெரிந்தது. அவள் ரப்பரைத் தொலைத்ததில்லை. பென்சிலை, அளவுகோலை, சின்ன ஷார்ப்னரைக்கூடத் தொலைத்ததில்லை. ஒரு குழந்தை முதலில் தொலைக்க வேண்டியவை இவைதான்.

“அத்தான், பைக்குள்ள இருக்கற எதுவும் போகல. கையில இருக்கறதுதான் போகுது.”

அவர் கை தட்டில் நின்றது. “பை ஒரு லைன். கை ஒரு லைன்” என்றார் மெதுவாக. “மாப்ள, ஆள் கை லைன்ல இருக்கான்.”

எழுந்து கைகழுவியவர் தன் கருவிப் பையை எடுத்துவந்தார். ஏணியில் ஏறும்போது ஸ்க்ரூடிரைவர் தவறிக் கீழே நிற்பவர் தலையில் விழாமலிருக்க, அதை இடுப்போடு ஒரு கயிற்றில் கட்டிக்கொள்வார். அதே கயிற்றில் ஒரு துண்டை வெட்டினார். புதன்கிழமை காலை, இன்னொரு பழைய பாட்டிலின் கழுத்தில் ஒரு முனை, மகளின் மணிக்கட்டில் ஒரு முனை. வயர்மேன்கள் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகும். “இனி நீ தொலைஞ்சாத்தான் இது தொலையும்” என்று சொல்லி அனுப்பினார்.

மாலையில் கயிறு வந்தது. பாட்டில் வரவில்லை.

அக்கா கையை ஓங்கியேவிட்டாள். அத்தான் நடுவில் வந்து நின்று, மகளின் மணிக்கட்டில் தொங்கிய கயிற்றைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. பிய்ந்திருக்கவில்லை. மறுமுனை முடிச்சு பக்குவமாக அவிழ்க்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பல் பட்ட தடம்.

“இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிஞ்சவங்க இந்த வீட்ல ரெண்டே பேர்” என்றார் என்னிடம் தனியாக. “ஒண்ணு நான். இன்னொண்ணுக்கு நான்தான் விளையாட்டாச் சொல்லிக் கொடுத்தேன். மாப்ள, இவ தொலைக்கல. தானாத்தான் விடறா.”

அன்று அவர் மகளை எதுவும் கேட்கவில்லை. அக்காவையும் கேட்க விடவில்லை. நான் மறுநாளுக்கு அரை நாள் விடுப்புச் சொன்னேன்.

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரம். பள்ளியின் பக்கவாட்டுச் சுவரில் ஓரிடத்தில் கம்பி அடைப்பு இருந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் அதில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றோம். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள். “எதாவது ரிப்பேர் பாக்கற மாதிரி நில்லு” என்று அத்தான் தன் டெஸ்டரை என் கையில் கொடுத்தார்.

மணி அடித்தது. கூட்டத்தோடு கூட்டமாக அவள் வந்தாள். முதுகில் பை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் அக்கா அரைமனதாகத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தனுப்பிய பழைய ஜாம் பாட்டில். எல்லாரும் வாசலை நோக்கிப் போக, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாள். அங்கே சின்னப் பிள்ளைகளின் கட்டடம். அதன் படிக்கட்டில் ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

வாலு வெளியே வந்த விதத்தை வந்தான் என்று சொல்ல முடியாது. வில்லிலிருந்து விடுபட்டான். பையை ஒரு பக்கம் எறிந்தான், பாட்டிலை ஒரு பக்கம் எறிந்தான், வாசல் இருக்கும் திசையில் பாய்ந்தான். அவள் கையிலிருந்த இரண்டையும் கீழே வைத்துவிட்டு எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமலே குனிந்து, அவன் பையை எடுத்தாள், அவன் பாட்டிலை எடுத்தாள். இரண்டும் சேர்ந்து அவளுடைய மறு கைக்குச் சரியாக இருந்தன. தன்னுடையதைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். ஜாம் பாட்டிலுக்கு வார் இல்லை. அதைக் காலால் மெல்ல நகர்த்தி, படிக்கட்டின் பக்கத்தில் இருந்த பூந்தொட்டிக்குப் பின்னால், விழாமல் நிற்கும்படி வைத்தாள். இதை எத்தனையோ முறை செய்தவள் என்பது அந்தக் காலிலேயே தெரிந்தது.

பிறகு இருவரும் வாசலுக்குப் போனார்கள். அவன் முன்னால் இழுக்க, அவள் பின்னால் சாய்ந்துகொண்டு, திமிறும் கன்றைப் பிடித்துப் போவதுபோல. வேன் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்றது. சாலையைத் தாண்டும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

அத்தான் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். ஆள் சிக்கிட்டான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

கூட்டம் வடிந்தபின் வாட்ச்மேன் எங்களை உள்ளே விட்டார். பூந்தொட்டிக்குப் பின்னால் ஜாம் பாட்டில் நின்றது. ஆயாம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

“உங்களுதா அது? அதென்னமோ தினமும் ஒரு சாமான் அங்க மொளைக்குது. பெருக்கறப்போ எடுத்து ஸ்டோர் ரூம்ல போட்டுடுவேன். யாராவது கேட்டு வருவாங்கன்னு பாத்தா, ஒரு ஜீவன் வரல.”

ஸ்டோர் ரூமில் எல்லாம் இருந்தன. நாடா தைத்தது, பெயிண்ட் அடித்தது, யானை மிதிக்காதது, மழைக்கோட்டுக்குள் சுருட்டிய ஸ்வெட்டர். மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் வந்து பார்த்தால் தொட்டிக்குப் பின்னால் ஒன்றுமிருக்காது. வைத்தது இருந்தது, அப்புறம் பார்த்தால் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

எல்லாவற்றையும் கட்டி எடுத்துவந்த மூட்டையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே வைத்துவிட்டு அத்தான் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“பாட்டில் எதுவரைக்கும் வந்துச்சு?” என்றார், கட்டடத்தில் கேட்பதுபோலவே.

இந்தக் கேள்வியை அவளிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் எங்கே, ஏன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“படிக்கட்டு வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் கை இல்லப்பா.”

“கயித்துல கட்டி விட்டேனே?”

“அது ஆடி ஆடித் தம்பி தலையில இடிச்சுது. அழுதான். அதான் அவிழ்த்துட்டேன்.”

“ஏம்மா, ஒரு நிமிஷம் தம்பியை விட்டுட்டுப் பாட்டிலை எடுத்தா என்ன?” என்று நான்தான் குறுக்கே கேட்டேன்.

அவள் பென்சிலை உருட்டினாள். அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை. “ஒரு நாள் விட்டேன் மாமா. ரோட்டுக்கு ஓடிட்டான். வேன் அங்கிள் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன்.” பிறகு சத்தம் இன்னும் குறைந்தது. “அம்மா மொத நாளே சொன்னாங்க. எதை விட்டாலும் தம்பி கையை விடாதேன்னு.”

அடுக்களை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்து, மணிக்கட்டில் கயிறு இறுக்கியிருந்த இடத்தைத் தடவினாள். “நான்தான்டி சொன்னேன்” என்றாள். “எதை விட்டாலும்னு நான்தான் சொன்னேன்.”

வாலு ஓடிவந்து, “நான் எதையும் தொலைக்கலம்மா” என்றான்.

“ஆமாடா ராசா. உனக்கு ஒரு ஆள் இருக்கா.”

அத்தான் எழுந்துபோய் வாசலில் இருந்த மூட்டையைக் கொண்டுவந்தார். “ஃப்யூஸ் போனா ஜனங்க ஃப்யூஸைத் திட்டுவாங்க” என்றார், யாருக்கும் குறிப்பாக இல்லாமல். “அது கெட்டுப்போகல. உள்ள இருக்கறது எரியக் கூடாதுன்னு அது போயிடுது. நாம என்ன பண்றோம்? தடிமனா ஒரு கம்பியைப் போடறோம். எவர்சில்வர்ல.” கடைசிச் சொல்லுக்கு அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். ஆசிரியை நல்லவர். மூட்டையைப் பார்த்ததும், “எல்லாம் கிடைச்சுதா? சந்தோஷம். ஆனா நான் சொன்னது பொருளைப் பத்தி மட்டும் இல்லீங்களே. கவனம்…” என்றார்.

“கவனம் குறைவில்ல டீச்சர். எல்லாக் கவனமும் ஒரே பக்கம் போயிடுச்சு” என்று அத்தான் நடந்ததைச் சொன்னார். அதிகம் பேசத் தெரியாத மனிதர். ஏணி, ஜங்ஷன் பெட்டி எல்லாம் இடையில் வந்தன. ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி வகுப்பு ஜன்னலைப் பார்த்தார். அதன் வழியே சின்னப் பிள்ளைகளின் கட்டடம் தெரிந்தது.

“கடைசிப் பாடம் பூரா இந்த ஜன்னலையே பாத்துட்டு இருப்பா” என்றார். “நான் இடத்தை மாத்தி உட்கார வெச்சேன். அங்கயிருந்தும் கழுத்தைத் திருப்பிப் பாத்தா. வெளியில விளையாட்டு நடக்குது, அதைப் பாக்கறான்னு நெனச்சேன்.” எழுந்து அந்த ஜன்னலருகே போய் நின்றார். “அவங்க மணி நமக்குக் கொஞ்சம் முன்னாடியே அடிச்சிடும். தம்பி கிளம்பிடுவானோன்னு பயந்திருக்கா.”

அப்போதே ஆயாம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். இனிமேல் அவர் வாலுவைக் கையில் பிடித்து வேன் வரை கொண்டுவந்து ஏற்றுவார். அக்கா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அப்ப வகுப்பு, டீச்சர்?”

“அடுத்த வகுப்புக்குத்தாம்மா. ஒரு மாசம் அந்த ஜன்னலை மறக்கட்டும், அவ எப்படிப் படிக்கறான்னு நானும் பாக்கறேன்.”

திங்கட்கிழமை மாலை வேன் வந்து நின்றது. முதலில் மூத்தவள் இறங்கினாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் எவர்சில்வர் பாட்டில், தோளில் ஸ்வெட்டர், அக்குளில் சுருட்டிய ஓவியம். சந்தைக்குப் போய் வந்தவள்போல ஒவ்வொன்றாக மேஜைமேல் இறக்கி வைத்தாள். அக்கா பாட்டிலை எடுத்து, உள்ளே மிச்சமிருந்த தண்ணீரைக் குலுக்கிப் பார்த்தாள். அந்தச் சத்தமே அவளுக்குப் போதும்போல இருந்தது.

பின்னாலேயே வாலு வந்தான். தத்தித் தத்தி. ஒரு காலில் ஷூ இருந்தது.

“ஷூ எங்கடா?”

“தெரியல.”

அத்தான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியிருந்தார். கழற்றிய செருப்பையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். “எதுவரைக்கும் வந்துச்சு?”

வாலு நிஜமாகவே யோசித்தான். “கால் வரைக்கும்” என்றான்.

மூத்தவள் கையிலிருந்த கடைசிச் சாமானையும் வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றிக்கொண்டாள். அவளுக்கு இப்போது இரண்டு கைகளும் இருந்தன.

“ஆயாம்மா ஏத்தி விட்டப்போ ரெண்டு இருந்துச்சுப்பா. பாலம் தாண்டறப்பவும் பாத்தேன், ரெண்டு இருந்துச்சு. அதுக்கு அப்பால பாருங்க.”

அத்தான் என்னைப் பார்த்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த வேனை நிறுத்தக் கையைத் தூக்கியபடி ஓடினார்.